உன் பிள்ளை

ஐனாலெம் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னாள். மகளின் பெயர் பெத்தெல். ஆகஸ்ட் வந்தால் ஐந்து வயது முடிகிறது. இடது புருவத்துக்கு மேலே கதவு இடித்த தழும்பு. பால் குடிக்காது, வெறும் சர்க்கரையைக் கேட்டு அடம்பிடிக்கும். பிறந்தது நல்ல மழை நாளில். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது.

"எல்லாம் ஞாபகம் இருக்குது எத்தியே. ஆனா நேத்து போன்ல அந்தப் பிள்ளை 'அம்மா'ன்னு கூப்பிட்டப்ப நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால யாரையோ கூப்பிடுதுன்னு."

சாரதாமணி கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். குழந்தைகள் காப்பகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பகல் ஒரு மணி இரைச்சல். சுற்றிலும் எத்தியோப்பியப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் பேசியதும் அம்ஹாரிக் மொழியில்தான். மூத்த பெண்களை அந்த மொழியில் மரியாதையாக அழைக்கும் சொல் 'எத்தியே'. திருப்பூரில் சாரதாமணியை அப்படிக் கூப்பிட இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"தூக்கம் பத்தலையா இருக்கும் அம்மிணி," என்றாள். எந்த மொழியில் பேசினாலும் அந்த 'அம்மிணி' அவளுக்குத் தானாக வந்துவிடும்.

"நல்லாத் தூங்கறேன். அந்தப் பிள்ளை அழுதுச்சு. என் தங்கச்சி செனாயித் போனை வாங்கி என்னைத் திட்டினா. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தா பாவமா இருக்குமில்ல, அந்த மாதிரி. ஆனா லிஜே இருமினா ரெண்டு ரூம் தள்ளி இருந்தாலும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்குது."

லிஜே என்றால் என் பிள்ளை. அவள் சொன்னது இமயனை. காப்பகத்தில் அவள் பொறுப்பில் விடப்பட்டிருக்கும் பதினாறு மாதக் குழந்தை.

அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது யாரென்று சாரதாமணிக்குத் தெரியும்.

குழந்தைகள் அரிதாகிப்போன காலம் அது. திருப்பூரில் பாதிப் பள்ளிக்கூடங்கள் துணிக் கிடங்குகளாக மாறியிருந்தன. பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வயதுவரை தனியாக ஒரு பராமரிப்பாளர் இருக்கவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளத்தான் ஊரில் இளம்வயதுக்காரர்கள் இல்லை. எத்தியோப்பியாவிலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் பெண்களை அழைத்து வந்தார்கள்.

சாரதாமணியின் கணவர் ஹவாசா நகரத்துப் பனியன் தொழிற்சாலையில் சாய மாஸ்டராக இருந்தவர். அவரோடு பதினோரு வருடம் அங்கேயே குடியிருந்து, தையல் பிரிவில் மேற்பார்வை பார்த்தபோது அவள் அம்ஹாரிக் கற்றுக்கொண்டாள். சந்தையில் சண்டை போடுகிற அளவுக்கு முதலில். பிறகு துக்க வீட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிற அளவுக்கு. ஊர் திரும்பியபின் அந்த மொழி யாருக்கும் தேவைப்படாமல் அவளுக்குள்ளேயே கிடந்தது. ஐம்பத்தாறாவது வயதில் ஒரு நாள் காப்பக நிறுவனத்திலிருந்து பரிதி என்ற இளைஞன் வந்து வாசலில் நின்றபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"முந்நூத்தி நாப்பது பக்கம்ங்கம்மா. பராமரிப்பாளர் பயிற்சிக் கையேடு. இங்கிலீஷ்ல இருக்குது. அம்ஹாரிக்ல வேணும்," என்றான்.

"அதுக்கெல்லாம் மெஷின் இருக்குதுங்களே தம்பி?"

"மெஷின் எழுதினா அர்த்தம் சரியா இருக்குதுங்க. உள்ள எறங்க மாட்டேங்குது." அவன் பையிலிருந்து ஒரு துணித்தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்பக்கம் மட்டும் நரம்பு நரம்பாகக் கம்பி ஓடியது. "இங்கிலீஷ்ல படிச்ச பொண்ணுங்க பரீட்சைல பாஸ் பண்ணீர்றாங்க. ஆனா குழந்தைக்குப் புரையேறினா மூணு செகண்டு யோசிக்கறாங்க. மூணு செகண்டு பெரிய விஷயம்ங்க. இந்தத் தொப்பியைப் போட்டுத் தாய்மொழில கேட்டா, யோசிக்கறதே இல்ல. சூடு பட்டா கையை இழுத்துக்கறோமே, அந்த மாதிரி ஆயிருது. ஆனா வீட்ல பேசற பேச்சு மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் நீங்க."

ஐந்து மாதம் ஆனது. அவள் ஆசையாகச் செய்த வேலை. ஆங்கிலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'யூ'. அம்ஹாரிக்கில் வேறு வேறு. பெண்ணிடம் பேசுவதாகவே எல்லா வாக்கியத்தையும் மாற்றினாள். பாலின் சூட்டை மணிக்கட்டில் பார்ப்பது, குப்புறத் திருப்பி முதுகில் தட்டுவது, தூங்க வைக்கும்போது எந்தக் குரலில் பேசுவது என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதினாள்.

ஒன்பதாம் பக்கத்தில் அந்த வாக்கியம் வந்தது. உன் குழந்தை அழும்போது நீ முதலில் அதன் முகத்தைப் பார். ஆங்கிலத்தில் 'யுவர் சைல்ட்' என்று இருந்தது. 'ஹிட்ஸான்' என்று எழுதலாம், சிசு. ஆஸ்பத்திரிச் சீட்டில் வருகிற சொல் மாதிரி இருந்தது அது. 'லிஜிஷ்' என்று எழுதினாள். உன் பிள்ளை. ஹவாசாவில் தெருவில் போகிற குழந்தையைக்கூடப் பெண்கள் 'லிஜே' என்றுதானே கொஞ்சுவார்கள். அரை நிமிடம் யோசித்திருப்பாள். அவ்வளவுதான். அதன்பிறகு கையேட்டில் நானூற்றுப் பதினோரு இடத்தில் லிஜிஷ் வந்தது. அடிஸ் அபாபாவில் அதைச் சரிபார்த்த பேராசிரியர், 'தாய் பேசுவது போல் இருக்கிறது' என்று பாராட்டி ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார்.

ஐனாலெம் சொன்ன அன்று சாயங்காலமே சாரதாமணி பரிதியின் அறைக்குப் போனாள். அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பிள்ளையே மறந்து போச்சுன்னு சொல்றாங்களா?"

"மறக்கலீங்க. மறந்திருந்தாக்கூடப் பரவால்ல. எல்லாம் தெரியுது. பாசம் மட்டும் இல்ல."

அவன் திரையில் எதையெதையோ திறந்து பார்த்தான்.

"எட்டு நாள் பயிற்சிங்கம்மா. ஏழு நாள் உங்க வாக்கியம். எட்டாவது நாள் அவங்களுக்குக் குடுக்கற குழந்தையோட பேரு, முகம், குரல். 'உன் பிள்ளை'ங்கற இடத்துல அதைக் கொண்டுபோய் உக்கார வெக்கறோம். நீங்க எழுதின அந்தச் சொல்லு..." தயங்கினான். "அது காலி இடம்னு நாங்க நினைச்சுட்டோம். பிள்ளை இல்லாத பொண்ணுகளுக்குக் காலியாத்தான் இருந்திருக்குது. ஐனாலெத்துக்கு அங்க ஏற்கனவே ஆள் இருந்திருக்காங்க."

"பெத்தெல்."

"ம்."

"அந்தச் சொல்லை எடுத்துப்போடுங்க தம்பி. நான் வேற எழுதித் தர்றேன். இன்னிக்கே எழுதறேன்."

"புதுசா வர்றவங்களுக்கு மாத்தலாம். எறங்கினதை எடுக்க முடியாதுங்கம்மா. தாய்ப்பாஷையை யாராவது மறக்க வெக்க முடியுமா? பேரை வேணா மாத்தலாம். இமயனுக்கு ரெண்டு வயசாகி வீட்டுக்குப் போனதும் அடுத்த குழந்தையோட பேரைப் போடுவோம்."

"அப்ப இமயன்?"

"போயிருவான்."

"பெத்தெல் போன மாதிரி."

அவன் மேசையைப் பார்த்தான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இதே காப்பகத்தில்தான் விட்டிருந்தான். எத்தனை பேருக்கு ஊரில் பிள்ளை இருக்கிறது என்று அவள் கேட்டபோது கணக்கெடுத்துச் சொன்னான். அறுபத்தொரு பேர். மேலிடத்துக்கு உடனே எழுதுவதாகச் சொன்னான், எழுதவும் செய்தான்.

பதில் வருவதற்குள் வேறொன்று நடந்தது. இமயனுக்குக் காய்ச்சல் என்று அவன் அம்மா தன்யா நான்கு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஐனாலெம் முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் வழி கேட்டுக் கேட்டு அவர்கள் குடியிருப்புக்குப் போய் வாசலில் நின்றுவிட்டாள். காவலாளி காப்பகத்துக்குத் தகவல் சொல்ல, மொழி தெரிந்தவள் என்று சாரதாமணியை வண்டி வைத்து அனுப்பினார்கள்.

ஐனாலெம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி இருமல் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க எத்தியே. நான் போயிர்றேன்."

தன்யா கீழே இறங்கி வந்தாள். ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவள். புகார் கொடுக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தவள் பாதியில் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அவங்க மேல தப்பு இல்லீங்க, எனக்குத் தெரியும். ரெண்டு நாளா இவனை நான்தான் வெச்சிருக்கறேன். மருந்து குடுக்கறேன், தோள்ல போட்டுட்டு நடக்கறேன். அழறப்ப என்ற மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறான். கதவையே பாக்கறான்." அவள் ஐனாலெத்தைப் பார்த்தாள். "மேல போகச் சொல்லுங்க. ஒரு பத்து நிமிஷம்."

ஐனாலெம் மாடிக்குப் போன இரண்டாவது நிமிடம் குழந்தையின் அழுகை நின்றது. அந்த நிசப்தத்தில் தன்யாவும் சாரதாமணியும் கீழே ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள்.

பரிதி எழுதிய ஒன்பதாம் நாள் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பரிதி அதை வாசித்துக் காட்டினான். அம்ஹாரிக் பதிப்பைப் பயன்படுத்திய காப்பகங்களில் குழந்தைகள் அழும் நேரம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. எடை கூடியிருக்கிறது. பெற்றோர் மனநிறைவு உயர்ந்திருக்கிறது. எனவே குறிப்பிட்ட சொல்லை மாற்ற வேண்டியதில்லை. மற்ற மொழிப் பதிப்புகளிலும் இதற்கு இணையான சொல்லையே பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது. மொழிபெயர்ப்பாளருக்குப் பாராட்டுகள்.

"என்ற பேரையாவது எடுத்துருங்க," என்றாள் சாரதாமணி.

"பேரை எடுத்தா மட்டும்?" என்றான் பரிதி. கேலியாகக் கேட்கவில்லை. அவனும் பல நாள் தூங்காதவன் மாதிரிதான் இருந்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் சொன்னான். "ஒண்ணு பண்ணலாம்ங்கம்மா. யாருக்கும் தெரிய வேண்டாம். அந்த இடத்துல ரெண்டு பேரை வெக்கலாம். நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன், வருது. நீங்க ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க. பெத்தெலோட போட்டோவும் குரலும் கொண்டுவாங்க. ஐனாலெத்தை அரைமணி நேரம் என் ரூமுக்குக் கூட்டிட்டு வந்தாப் போதும்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அவளுக்கு மூன்று நாள் ஆனது. முந்நூற்று நாற்பது பக்கத்தை எழுதிய கை. எதை எழுதினாலும் எதையாவது பறித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பெத்தெலும் உன் பிள்ளை என்று எழுதினாள். அந்த 'உம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. வந்து சேர்ந்தவள் மாதிரி ஆக்கிவிடுகிறது. அடித்தாள். பெத்தெல் உன் பிள்ளை, இமயனும் உன் பிள்ளை. முதலில் யார் வரவேண்டும் என்பதற்கு ஒரு பகல் போனது. கடைசியில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பெண்களின் விடுதிக்குப் போனாள்.

ஐனாலெம் வராந்தாவில் மின் அடுப்பை வைத்துக் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். சாரதாமணிக்கு முக்காலி எடுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். வறுத்த கொட்டையைப் புகையோடு கொண்டுவந்து, அவர்கள் வழக்கப்படி, முகர்ந்து பார்க்க நீட்டினாள்.

"வேண்டாம் எத்தியே," என்றாள்.

"ஒண்ணும் ஆகாது அம்மிணி. இமயன் போக மாட்டான். ரெண்டு பேரும் இருப்பாங்க."

"அதனாலதான் வேண்டாங்கறேன்." அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் வந்து இறங்கினப்ப தொப்பி போட ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசம் நான் எப்படி இருந்தேன்னு இங்க கேட்டுப் பாருங்க. போனை வெச்சதும் போய் பாத்ரூம்ல உக்காந்துக்குவேன். பெத்தெலோட சட்டை ஒண்ணு கொண்டுவந்திருந்தேன். வாசனை போயிரும்னு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் திறப்பேன். அப்படி நான் செஞ்சது ஞாபகம் இருக்குது. இப்ப அதைத் திறந்தா சும்மா சட்டை."

சாரதாமணி முக்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. நீங்க அவளைத் திருப்பிக் குடுத்தா, அந்த ஒரு மாசத்தை ரெண்டு வருசத்துக்குத் திருப்பிக் குடுப்பீங்க. என்னால முடியாது. இங்க இப்ப என் பிள்ளை என் மடியில இருக்குது. அது பொய்யினு எனக்குத் தெரியும். உள்ள தெரிய மாட்டேங்குது."

"அங்க அவ அழறாளே."

"நான் அழுதாலும் அவ அழுவா. நான் அழாம இருந்தா ஒருத்தராவது அழாம இருக்கோம்." ஐனாலெம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தேற்றவேண்டியவள் யார், தேற்றப்படுகிறவள் யார் என்பதே மாறிப்போயிருந்தது. "அந்தத் தாளைப் பத்திரமா வெச்சிருங்க. நான் ஊருக்குப் போற கடைசி நாள் போட்டு விடுங்க. விமானத்துல ஏறும்போது எனக்கு அவ வேணும். அதுவரைக்கும் வேண்டாம்."

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. வேறு வழியும் இல்லை. மற்ற அறுபது பேரிடமும் சாரதாமணி ஒவ்வொருவராகப் பேசினாள். நான்கு பேர் மட்டும் பரிதியின் அறைக்கு வர ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் பத்து நாளில் பிள்ளை ஏக்கத்தில் படுத்த படுக்கையாகி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அதன்பிறகு அவளிடம் யாரும் வரவில்லை. அவளும் யாரையும் தேடிப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு பகலில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எத்தியோப்பிய எண்.

"எத்தியே சாரதாமணியா? நான் செனாயித். ஐனாலெமோட தங்கச்சி. ஹவாசா பக்கத்துல, இர்கலெம்ல இருந்து பேசறேன்."

குரலில் இன்னும் சிறுபெண்ணின் கீச்சு போகவில்லை. இருபது வயதுதான் இருக்கும்.

"சொல்லு அம்மிணி. பெத்தெல் நல்லா இருக்காளா?"

"இருக்கா. அதைப் பத்தித்தான்." அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம். "இங்க ஒரு ஆபீஸ் திறந்திருக்காங்க. வெளிநாடு போன பொண்ணுகளோட பிள்ளைகளை வெச்சுப் பார்த்துக்கறவங்களுக்குன்னு பயிற்சி. எட்டு நாள். தொப்பி போடறாங்க. என்னை வரச் சொல்லியிருக்காங்க. புத்தகத்துல மொழிபெயர்ப்புன்னு உங்க பேர் போட்டிருந்துச்சு. அக்கா உங்களைப் பத்திச் சொல்லியிருக்கா, அதான் நம்பர் தேடிப் பிடிச்சேன்."

சாரதாமணி ஈரத்துணியோடு கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டாவது நாள் பெத்தெலைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவ என் சொந்தப் பிள்ளை மாதிரி ஆயிருவான்னு சொன்னாங்க. நிஜமா?"

"மாதிரி இல்ல," என்றாள் சாரதாமணி. "பிள்ளையே ஆயிருவா."

"அக்கா வந்தா?"

மொட்டைமாடி வெயிலில் கண் கூசியது. ஐனாலெத்துக்காக மடித்து வைத்த தாள் பீரோவுக்குள் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் ஐனாலெம் விமானத்திலிருந்து இறங்கி, கையை நீட்டிக்கொண்டு ஓடி வருவாள். எதிரே குழந்தையைத் தன்னோடு இறுக்கிக்கொண்டு இன்னொரு தாய் நிற்பாள். இரண்டு பேருக்கும் சாரதாமணி எழுதிய ஒரே சொல்.

"வேண்டாம் செனாயித்," என்றாள். "போகாதே."

அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

"நேத்து நான் அவளை அடிச்சுட்டேன் எத்தியே. முகத்துல. காலேஜுக்குப் போகணும், விடமாட்டேங்கறா. ராத்திரியெல்லாம் வாசல்ல போய் நின்னுக்கறா. அம்மா போன்ல என்னைத் தெரியாத மாதிரி பார்த்தாங்கறா. நான் என்ன பதில் சொல்றது? எனக்கு அவ மேல கோவம் கோவமா வருது. எனக்குப் பயமா இருக்குது. அந்தத் தொப்பி போட்டா நான் அவளை அடிக்க மாட்டேன்தானே?"

சாரதாமணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதாம் பக்கத்து வாக்கியம் மனப்பாடமாக நினைவில் வந்தது. உன் பிள்ளை அழும்போது நீ முதலில் அதன் முகத்தைப் பார்.

"அடிக்க மாட்டே."

"அவ வாசல்ல போய் நிக்க மாட்டாளா?"

"நிக்க மாட்டா. உன்கிட்ட வந்துருவா."

செனாயித் மூக்கை உறிஞ்சினாள். தூரத்தில் ஒரு குழந்தையின் குரல் அவளை ஏதோ கேட்டது. அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"நாளைக்கு முதல் நாள். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் எத்தியே. போடறப்ப வலிக்குமா?"

"இல்ல அம்மிணி," என்றாள் சாரதாமணி. "வலிக்காது."